பாய் விரித்த இடத்தில் பாம்பு

பிசான அறுவடை முடிந்த தாமிரபரணிக் கரையில் பாம்புக்கு இரை தேடி அலைய வேண்டியதில்லை. வயலில் சிந்திய நெல்லுக்கு எலி வருகிறது. எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது. களத்தை ஒட்டி ஏற்றிய வைக்கோல் படப்பு இரண்டுக்கும் புகலிடமாகிறது. ஏறத்தாழ இதே மாதங்களில்தான் கல்லூரி மாணவர்களின் ஏழு நாள் சிறப்பு முகாம்களும், அவற்றைத் தொடர்ந்து கோடை முகாம்களும் கிராமங்களில் நடக்கின்றன. காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முக்கிய அங்கம் இந்த முகாம். பகலில் வாய்க்கால் தூர்வாருவது, சீமைக்கருவேலம் வெட்டுவது, கோயில் வளாகத்தில் புதர் அகற்றுவது. இரவில் பள்ளிக்கூட வகுப்பறையிலோ சமுதாயக் கூடத்திலோ வரிசையாகப் பாய் விரித்துத் தூங்குவது. பாம்பு எதிர்ப்படுவதற்கு இரண்டுமே வாய்ப்பான நேரங்கள்.

ஆழ்வார்திருநகரி போன்ற ஊர்களில் இந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆற்றின் தென்கரையில், வாய்க்காலும் வாழைத் தோட்டமும் சூழ்ந்த ஊர் இது. அழுகிய வாழைச் சருகுக் குவியலின் ஈரமும் நிழலும் கோடையில் பாம்புக்கு மிகவும் தோதானவை. ஆதிநாதர் கோயிலில் நம்மாழ்வார் வீற்றிருந்த உறங்காப்புளியை ஆதிசேடனின் அம்சமாக வணங்கும் ஊரும் இதுவே. இருட்டில் ‘பூச்சி பொட்டு கிடக்கும், பார்த்துப் போ’ என்று பெரியவர்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு அல்ல.

கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப் பாம்பு, பச்சைப் பாம்பு போன்றவை. இவற்றால் உயிருக்கு ஆபத்து இல்லை. இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களில் மிகப் பெரும்பகுதிக்கு நான்கு இனங்களே காரணம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். புதர் வெட்டும்போது அஞ்ச வேண்டியது கண்ணாடி விரியனுக்கு. முதுகில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசை வட்டங்கள் இருக்கும். சருகோடு சருகாக அசையாமல் கிடந்து, நெருங்கினால் பலமாகச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் பின்வாங்குவதுதான் சரி. கம்பை எடுப்பது தவறு.

முகாமுக்கு உண்மையான எதிரி கட்டுவிரியன். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும் இது, வீட்டுக்குள்ளும் வரும்; தரையில் தூங்குபவர் புரளும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் மாணவர் வயிற்று வலி என்பார், கண் இமையைத் தூக்க முடியாது என்பார், பேச்சு குழறும். முந்தைய இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா கொடுத்துப் படுக்க வைத்தால் பொன்னான நேரம் போய்விடும். தரையில் தூங்கியவருக்கு அதிகாலையில் இமை தொங்கினால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதைப் பாம்புக்கடியாகவே கருத வேண்டும்.

கட்டிடங்களுக்குள் அடிக்கடி காணப்படும் விஷமற்ற ஓநாய்ப் பாம்புக்கும் கட்டுவிரியனைப் போலவே உடலில் பட்டைகள் உண்டு. அதன் பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தொடங்கி வால் நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்கு மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி, வால்வரை தெளிவாக ஓடும். டார்ச் வெளிச்சத்தில் இந்த வேறுபாட்டை நம்பிக் கையால் தொடுவது அறிவீனம். கதவைச் சாத்தி, எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொன்னால் வீரர்கள் வந்து பிடிப்பார்கள்.

தடுப்புக்குப் பெரிய செலவு இல்லை. கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் இறுகச் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வர முடியாது. கட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டு மிச்சத்தைக் கூடத்தில் விட்டால் எலி வரும். கழிப்பறைக்குப் போக டார்ச்சும் செருப்பும் வேண்டும். புதருக்குள் கையை விடும் முன் நீண்ட கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது எல்லாமே கேடு. விரியன் கடியில் கட்டுப்போட்டால் அந்த உறுப்பே அழுகக்கூடும். மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-இல் ஏற்ற வேண்டும். செத்த பாம்பை எடுத்துப்போகத் தேவையில்லை. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு இனங்களுக்கும் பொதுவானது. இதற்கான விஷத்தில் பெரும்பகுதி, 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மருத்துவமனையில் இரண்டு மில்லி ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம் வேலை செய்கிறது. கட்டுவிரியன் விஷம் ரத்தத்தை உறையாமல் செய்வதில்லை. நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துகிறது. அப்போது செயற்கைச் சுவாசக் கருவியும் வேண்டும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

முகாம் நடத்தும் ஆசிரியர்கள் பாய் விரிக்கும் முன்பே அருகிலுள்ள அரசு மருத்துவமனையைக் கேட்டு, விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, சுவாசக் கருவி தேவைப்பட்டால் திருநெல்வேலிக்கா தூத்துக்குடிக்கா அனுப்புவார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளைக் கூடத்தின் வாசலிலேயே ஒட்டுங்கள்.