வடபுலத்து ஔலு நகரும் அதன் துவிச்சக்கரவண்டி வழிகளும்

ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியிலுள்ள பின்லாந்து தேசத்தைப் பற்றி எண்ணுவார்க்கு ஏரிகளும், ஊசியிலைக் காடுகளும், நெடிய குளிர்காலமுமே முதற்கண் நினைவில் எழும், துவிச்சக்கரவண்டி எழாது. ஆயினும், அந்நாட்டின் வட பகுதியிலுள்ள ஔலு என்னும் நகரம் துவிச்சக்கரவண்டிப் போக்குவரத்தை ஆராய்வோர் பலராலும் இன்று எடுத்துக்காட்டப்பெறுகின்றது. குளிர்காலத் துவிச்சக்கரவண்டிப் பயணம் குறித்த சர்வதேச மாநாடு 2013 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கூடியதும் இந்நகரத்திலேயே. ஆண்டிற் பல மாதம் நிலம் வெள்ளையாய்க் கிடக்கும் ஊரிலே மக்கள் வண்டியோட்டுவது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கம் புகுமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் வேண்டும். பனி என்னும் தமிழ்ச் சொல் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியையே நமக்கு நினைவூட்டும். வடநாடுகளில் வானினின்றும் பஞ்சுபோல் உதிர்வதை வெண்பனி என்றும், நீர் உறைந்து கல்லாவதைப் பனிக்கட்டி என்றும் இங்கு வேறுபடுத்தி வழங்குவோம். இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. வண்டியோட்டுபவன் விழுதலும் விழாமையும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தனவே.

ஔலு, 1605 இல் சுவீடன் மன்னர் ஒன்பதாம் சாள்சினால் நிறுவப்பெற்ற துறைமுக நகரம். மரக்கலங்களுக்குப் பூசுங் கீலை ஏற்றுமதி செய்து பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செல்வம் பெற்றது. 1958 முதற் பல்கலைக்கழக நகரமாகவும் விளங்குகின்றது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்நகரம் வட அகலக்கோடு 65 பாகையில், பொத்னியாக் குடாவிலே ஔலு ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது. ஆர்க்டிக் வட்டம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் வடக்கே உளது. மார்கழி நடுவிற் பகற்பொழுது மூன்றரை மணித்தியாலம் மாத்திரமே. ஆனி மாதத்திலோ கதிரவன் மறைந்தும் இருள் வருவதில்லை.

இந்நிலம் பெரிதும் சமதரையாயிருத்தற்குக் காரணம் உண்டு. பனிக்கட்டிக் காலத்திலே கிலோமீற்றர்க் கணக்கிற் கனத்த பனிக்கட்டிப் படலம் இப்பகுதியை அழுத்திக் கிடந்தது. அது உருகி நீங்கியபின், அழுத்தம் நீங்கிய நிலம் இன்றுவரை மெல்லமெல்ல உயர்ந்து வருகின்றது. உயர்வு ஆண்டுக்கு ஏழெட்டு மில்லிமீற்றர் அளவினது. நகரின் பெரும் பகுதி பண்டு கடலடியாயிருந்ததே. மேடுபள்ளம் குறைந்த நிலம் வண்டிக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சமதரை மாத்திரமே காரணமாயின், உலகத்துச் சமவெளி நகரங்கள் யாவும் ஔலு ஆகியிருத்தல் வேண்டுமன்றோ?

உண்மைக் காரணம் திட்டமிடுதலிலே உளது. 1960 களின் இறுதியிலும் 1970 களிலும் நகரம் விரிந்தபோது, மோட்டார் வண்டிகளுக்குரிய வீதி வேறு, நடப்போரும் துவிச்சக்கரவண்டியினரும் செல்லும் வழி வேறு எனப் பிரித்து அமைக்கும் கொள்கை கைக்கொள்ளப்பட்டது. பின்வந்தோர் அதனைக் கைவிடவில்லை. இன்று அவ்வழிகளின் மொத்த நீளம் 900 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. அவை வீதிகளைக் கடக்குமிடங்களிலே சுரங்க வழிகள் 300 க்கு மேல் அமைக்கப்பெற்றுள. மேம்பாலம் கட்டாது சுரங்கம் அமைத்ததன் நுட்பம் கருதத்தக்கது. மேம்பாலமாயின் பாரவண்டியின் உயரத்துக்கு மேலே வண்டியோட்டுபவன் ஏறவேண்டும். சுரங்கமாயின் ஒரு மனிதனின் உயரத்துக்குச் சற்று மிகையாக இறங்கினாற் போதும். வீதியையும் சிறிது உயர்த்திவிட்டால் இறக்கம் இன்னும் குறையும். மேலும், முதலில் இறங்குதலாற் பெறும் வேகமே மறுபக்கம் ஏறுதற்கு உதவும். மேம்பாலத்திலோ உழைப்பு முதலில், இன்பம் பின்னர்.

இனிக் குளிர்காலத்துக்கு வருவோம். கடுங்குளிரே வண்டியோட்டுதற்குப் பகை என்பது பொதுவான எண்ணம். இது முற்றிலும் சரியன்று. உறைநிலைக்குக் கீழ்ப் பத்துப் பதினைந்து பாகையிலே, மிதிபட்டு இறுகிய வெண்பனி உலர்ந்து, சக்கரத்துக்கு நல்ல பிடி கொடுக்கும். இடர் விளைப்பது உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையே. பகலில் உருகிய நீர் இரவிலே கண்ணாடிபோல் உறையும். அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்குமாயின் கால் வைத்தலும் அரிது. இதனாலேயே, குளிர் மிகுந்த ஔலுவினும் குளிர் குறைந்த தென் நகரங்கள் சிலவற்றிற் குளிர்கால வண்டியோட்டம் கடினமாகின்றது.

வழியைப் பேணும் முறையும் இவ்வியல்பை அறிந்தே வகுக்கப்பட்டது. மோட்டார் வீதிகளுக்கு இடுவதுபோல உப்பு இடுதலை இங்குப் பெரும்பாலும் தவிர்ப்பர். உப்பு வெண்பனியைக் கூழாக்கும். கூழ் மீண்டும் உறைந்தால் கரடுமுரடான தடங்களாகும். மிகு குளிரில் உப்பு பயன்தருவதுமில்லை. எனவே, மேற்படையை மாத்திரம் தள்ளிவிட்டு, அடியில் இறுகியதை வெள்ளைத் தளமாகவே விட்டுவைப்பர். பற்களுடைய அலகு பூட்டிய பொறி அத்தளத்தின்மீது சீப்புப்போற் கீறிச் செல்லும். வேண்டுமிடத்து உடைத்த சிறு கற்களும் தூவப்படும். முதன்மையான வழிகள், மக்கள் வேலைக்கும் பாடசாலைக்கும் புறப்படுமுன், விடியற்பொழுதிலேயே துப்புரவாக்கப்படும். மோட்டார் வீதியைத் துடைத்து ஒதுக்கிய வெண்பனியை ஓரத்து வழியிற் கொட்டுவது பல தேசங்களின் வழக்கம். அதைச் செய்யாமையே ஔலுவின் முதற் சிறப்பு என்பது என் கருத்து. தரையில் வரைந்த அடையாளங்கள் வெள்ளையில் மறைந்துபோவதால், சில இடங்களில் விளக்கொளியாலேயே துவிச்சக்கரவண்டியின் உருவைத் தளத்தின்மேற் பாய்ச்சிக் காட்டுவர். வேனில் பிறந்ததும் தூவிய கற்களைக் கூட்டி அள்ளுதல் ஒரு பெரும் வேலை. அது முடியுமுன் புறப்படுவோரின் ரயர்கள் அக்கூரிய கற்களாற் படும் பாடு வேறு.

இம்முயற்சி யாருக்காக என்பதற்குப் பாடசாலையே சிறந்த விடை. மெற்சோகங்கஸ் என்னும் புறநகர்ப் பாடசாலையிலே, உறைநிலைக்குக் கீழ் 17 பாகைக் குளிரிலும், ஏறத்தாழ 1,200 மாணவருள் 1,000 பேர் வண்டியில் வருகின்றனர் என்ற செய்தி 2018 இல் வெளிவந்து பல நாடுகளிற் பேசப்பட்டது. அச்செய்தியைப் படித்தோர் பலர் பின்லாந்துச் சிறுவரின் மனவுறுதியை வியந்தனர். வியக்கத்தக்கது அதுவன்று. ஏழு வயதுப் பிள்ளை விரைந்தோடும் மோட்டார் வண்டியை ஓரிடத்திலும் எதிர்ப்படாது, துணையின்றித் தன் வகுப்பை அடைய முடிகின்றது; பெற்றோர் அஞ்சாது அனுப்புகின்றனர். உறுதி வேண்டப்படாதவாறு வழி அமைந்திருக்கின்றது. குளிரைத் தாங்குதற்குக் கம்பளியுடை போதும். பாரவண்டியைத் தாங்குதற்கு எவ்வுடையும் போதாது.

ஔலுவாசிகள் யாவரும் துவிச்சக்கரவண்டியினரே என எண்ணிவிடலாகாது. ஆண்டு முழுவதையும் நோக்கின் பயணங்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே அவ்வண்டிகளில் நிகழ்வது. மோட்டார் வண்டியின் பங்கு அதனினும் மிகப் பெரிது. 2013 இல் அயலிலுள்ள நகரசபைப் பிரிவுகள் நான்கு இணைக்கப்பட்டபின் நகரின் எல்லை நெடுந்தொலைவு அகன்றுவிட்டது. தூரத்து ஊரவர் காற்சக்தியால் நகர்மையத்தை அடைதல் எளிதன்று. இக்குறையை நோக்கியே, பானா எனப்படும் அகன்ற விரைவு வழிகள் அண்மைக்காலத்தில் அமைக்கப்படலாயின.

நகர வழி முடியுமிடத்திற் காட்டு வழி தொடங்குகின்றது. பின்லாந்தில் எல்லார்க்கும் உரிய உரிமை எனப் பொருள்படும் பழவழக்கு ஒன்றுண்டு. அதன்படி, காடு எவருடையதாயினும், வீட்டுமுற்றத்தையும் பயிர்நிலத்தையும் விலக்கி, எவரும் அதிலே நடக்கலாம், பனிச்சறுக்கிச் செல்லலாம், காட்டுப் பழம் பறிக்கலாம், துவிச்சக்கரவண்டியும் ஓட்டலாம். மோட்டார் ஊர்திக்கு இவ்வுரிமை இல்லை. தேசியப் பூங்காக்களிலோ வண்டிக்கெனக் குறித்த வழிகளிலே மாத்திரம் செல்லுதல் வேண்டும்.

இக்கட்டுப்பாட்டின் தேவையை ரொக்குவா என்னும் இடத்திற் காணலாம். ஔலுவுக்குத் தென்கிழக்கே, நூறு கிலோமீற்றருக்குட்பட்ட தொலைவிலுள்ள இம்மணல்மேடுகள், பனிக்கட்டி உருகிய வெள்ளம் விட்டுச்சென்றவை. பின்னர்க் காற்றும் அலையும் திருத்தியவை. 1956 இல் இங்குத் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. பைன் மரங்களின் கீழே, துருவமான் விரும்பியுண்ணும் வெளிறிய இலைக்கன் கம்பளம் விரித்தாற்போற் படர்ந்திருக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே அது வளரும். உலர்ந்த காலத்திற் சக்கரம் ஒருமுறை ஏறினாலும் நொறுங்கிப்போம். ஒரு நிமிடத்தில் விழுந்த தடம் மறைவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். மலைத் துவிச்சக்கரவண்டியினர் இன்னும் வடகிழக்கே, பின்லாந்தின் தென்கோடிக் குன்று எனப்படும் 432 மீற்றர் உயரமுள்ள இசோ சூயொத்தேயை நாடுவதும் உண்டு. ஆங்குள்ள சதுப்பு நிலங்களின்மேல் ஒடுங்கிய பலகைகளை இணைத்து வழி இட்டிருப்பர். மழையில் நனைந்த அப்பலகையில் வண்டியோட்டுதல் தேர்ந்தார்க்கும் சோதனையே.

வேனில் தொடங்கி மண் இளகும் காலத்திலே காட்டு வழிகளை விலக்குதல் நன்று. சக்கரம் உழுத தடத்திலே நீர் ஓடி வழியையே அரித்துவிடும். ஆனால் அதற்குச் சற்று முன்னே, பங்குனி சித்திரையில், விந்தையான சில வாரங்கள் வரும். பகல் வெயிலில் வெண்பனியின் மேற்பரப்பு சிறிது உருகி, இரவுக் குளிரில் ஓடுபோல் இறுகும். அதனை ஹங்கி என்பர். மனிதனையும், பருத்த ரயர் பூட்டிய வண்டியையும் அவ்வோடு தாங்கும். கோடையிற் கால்வைக்க முடியாத சதுப்பின் மீதும், புதர்களுக்கு மேலாகவும், எத்திசையிலும் வழியின்றியே செல்லலாம். முற்பகலில் வெயில் ஏறியதும் ஓடு இளகத் தொடங்கும். அதற்குள் திரும்பாதவன் முழங்காலளவு புதைந்து, வண்டியைத் தோளிற் சுமந்தே வீடு சேர்வான்.