வெங்காயமும் வெளிநாட்டு வியாபாரமும்

நமது தேசம் இனி விவசாய தேசமன்று, சேவைத் தொழில்களின் தேசம் என்று டில்லியிலும் மும்பையிலும் உள்ள பெரியோர் சொல்லத் தொடங்கிச் சில வருஷங்களாகின்றன. அவர்கள் கூற்று ஆதாரமற்றதன்று. தேசத்தின் உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 55 பங்கு வரையில் சேவைத் துறையிலிருந்தே வருகிறது. 2024-25-ம் வருஷத்தில் நாம் அந்நிய நாடுகளுக்கு அனுப்பிய சரக்குகளின் மதிப்பு சுமார் 43,700 கோடி டாலர். நாம் விற்ற சேவைகளின் மதிப்பு சுமார் 38,700 கோடி டாலர். இவ்வெற்றியைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆனால் அதே தேசத்தில், 2023-24-ம் வருஷத்துக் கணக்கின்படி, உழைப்போரில் நூற்றுக்கு 46 பேர் நிலத்தை நம்பியிருக்கிறார்கள். முன்னவர்களுக்கென்று வகுக்கப்படும் வியாபாரக் கொள்கை பின்னவர்களிடம் எந்த ரூபத்தில் வந்து சேருகிறது என்பதை அறிய விரும்புவோர் பெரம்பலூருக்குப் போய்ப் பார்க்கட்டும்.

பெரம்பலூர் நகரை இன்னும் ரயில் எட்டிப் பார்க்கவில்லை. செட்டிகுளம், நாரணமங்கலம், இரூர், பாடாலூர் ஆகிய கிராமங்களின் குடியானவர்கள் சின்ன வெங்காயத்தில் கைதேர்ந்தவர்கள். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் ஊன்ற வேண்டும். அதையும் அன்றைய மார்க்கெட் விலைக்கே வாங்கியாக வேண்டும். பயிர் விளைய 65 முதல் 70 நாட்கள் ஆகும். பிடுங்கிய வெங்காயத்தை வயலோரத்தில் காற்றோட்டமாக அடுக்கிக் கூரை வேய்ந்து, விலை வரும் வரையில் பாதுகாக்கிறார்கள். அதற்குப் பட்டறை என்று பெயர். பட்டறை வைத்தவன் வானத்தைப் பார்ப்பது போக, இப்பொழுது டில்லியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

டில்லி செய்ததைச் சொல்லுவோம். 2019-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி வெங்காய ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அடுத்த மார்ச்சில் திறந்தார்கள். 2020 செப்டம்பர் 14-ல் மறுபடி மூடினார்கள். 2021 ஜனவரி 1-ல் மறுபடி திறந்தார்கள். 2023 ஆகஸ்டு 19-ல் நூற்றுக்கு 40 வீதம் ஏற்றுமதித் தீர்வை வந்தது. அது போதாதென்று அவ்வருஷம் டிசம்பர் 7-ந் தேதி உத்தரவு பிறந்து, மறுநாளே முழுத் தடை அமலுக்கு வந்தது. மார்ச்சு 31 வரையில்தான் என்றார்கள். மார்ச்சு வந்ததும் தேதியின்றி நீட்டித்தார்கள். 2024 மே 4-ல் கதவைத் திறந்தபோது, டன்னுக்குக் குறைந்தது 550 டாலர் விலை, 40 வீதம் தீர்வை என்ற இரண்டு பூட்டுகள் தொங்கின. செப்டம்பரில் ஒரு பூட்டு நீங்கி, மற்றொன்று 20 வீதமாகத் தளர்ந்தது. 2025 ஏப்ரல் 1-ல் அதுவும் போயிற்று. ஐப்பசியில் விதை ஊன்றிய குடியானவன் எந்த விலையை நம்பி ஊன்றினான் என்று உத்தரவில் கையெழுத்திட்டவர் எவரேனும் கேட்டதுண்டா?

நகரத்து ஏழைக்கும் வயிறு உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. 1998-ல் டில்லி ராஜ்யத் தேர்தலில் வெங்காய விலை செய்த வேலையை மந்திரிகளும் மறக்கவில்லை. ஆனால் அந்த விலை நாசிக்கிலிருந்து போகும் பெரிய வெங்காயத்தின் விலை. சின்ன வெங்காயம் வேறு பயிர். அதை வாங்குவோரும் வேறு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் உள்ள நம்மவர்கள் சாம்பாருக்குத் தேடுவது அதைத்தான். சுங்கக் குறியீட்டில் அதைத் தனியாகப் பிரித்து நடத்த வேண்டும் என்று தமிழ்நாட்டுக் குடியானவர்களும் ஏற்றுமதி வியாபாரிகளும் கேட்டு வந்தார்கள். பிரித்து நடத்துவது முடியாத காரியமுமன்று. 2020-ம் வருஷத்துத் தடை ‘எல்லா வகை வெங்காயத்துக்கும்’ என்றுதான் பிறந்தது. ஒரு மாதத்துக்குள் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கும் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும், வகைக்குப் பத்தாயிரம் டன் வீதம், நமது சென்னைத் துறைமுகத்தின் வழியாகவே அனுமதி கிடைத்தது. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள், பெற்றார்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1992-ம் வருஷத்து அந்நிய வியாபார வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-வது பிரிவு, கெஜட்டில் ஓர் உத்தரவைப் பிரசுரித்து எந்தச் சரக்கையும் தடுக்க இந்திய சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கிறது. உற்பத்தி செய்பவனுக்கு முன்னறிவிப்பு என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. இதைவிட விசித்திரமான விஷயம் ஒன்றுண்டு. உலக வர்த்தக அமைப்பின் விவசாய ஒப்பந்தத்தில் 12-வது ஷரத்து, உணவுப் பண்டத்தின் ஏற்றுமதியைத் தடுக்கும் தேசம் கூடுமானவரை முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்றும், வாங்கும் தேசங்களின் உணவு நிலையைக் கவனிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆகவே ஜெனீவாவில் உள்ள கமிட்டிக்கு நோட்டீஸ் பெறும் பாத்தியதை உண்டு, செட்டிகுளத்தானுக்கு இல்லை.

இனி, மறுபக்கம். 1991-ல் மென்பொருள் தொழிற்பூங்காக்கள் ஸ்தாபிக்கப்பட்டன. அவற்றிலிருந்து ஏற்றுமதி செய்வோருக்கு வருமான வரிச் சட்டத்தின் 10ஏ பிரிவு அளித்த விலக்கு 2011 மார்ச்சு 31 வரையில் நீடித்தது. எத்தனை வருஷம் வரி இல்லை, எந்த நாளில் முடிகிறது என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தன. அதை நம்பி முதல் போட்டார்கள், தேசமும் லாபமடைந்தது. இது சரியான காரியம் என்றே நாம் சொல்லுவோம். மென்பொருளை அந்நியனுக்கு விற்காதே என்று ஒரே இரவில் உத்தரவு பிறந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கம்பெனிக்கு வருஷக் கணக்கில் கொடுத்த உறுதியை, 70 நாள் பயிருக்கு 70 நாளேனும் கொடுப்பதில் சர்க்காருக்கு என்ன நஷ்டம்?

சிங்கப்பூரைப் பார், கதவையெல்லாம் திறந்து வைத்துச் செழிக்கிறது என்று நமக்கு உபதேசிப்போர் பலர். பார்த்தோம். பீர் முதலிய சில மதுவகைகள் தவிர, வேறெதற்கும் அங்கே இறக்குமதித் தீர்வை இல்லை. தான் உண்பதில் பத்தில் ஒரு பங்குகூட விளைவிக்காத அந்தத் தீவுக்கு, தீர்வையால் காப்பாற்ற வேண்டிய செட்டிகுளமும் இல்லை. அந்நாட்டோடு 2005-ல் நாம் செய்துகொண்ட விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் தொழில் நிபுணர்களின் போக்குவரத்துக்கு வழி செய்தது. 127 தொழில்களுக்கு ஜாபிதா போட்டது. அரியலூரிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் கட்டட வேலைக்குப் போகிறவர்களோ அந்த ஜாபிதாவுக்கு வெளியே நிற்கிறார்கள். சொந்த ஊரில் சுண்ணாம்புக் கல் வெட்டிச் சிமெண்டு ஆலைகள் நடக்க, ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அயலூரில் அவர்கள் கம்பி கட்டுகிறார்கள். அவர்கள் செய்வதும் சேவைதான். ஆயினும் அந்நாடு தன் இஷ்டப்படி கொடுக்கும் வேலை அனுமதிச் சீட்டுதான் அவர்களுக்குள்ள ஒரே பத்திரம்.

பருத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ல் அமெரிக்கா நமது சரக்குகளுக்கு 50 வீதம் வரை தீர்வை விதித்தபோது, நமது ஆலைகளுக்கு உதவியாக, அந்நியப் பருத்தியின் மேலிருந்த 11 வீத இறக்குமதித் தீர்வையை ஆகஸ்டு 19-ல் நீக்கினார்கள். செப்டம்பர் 30 வரையில் என்றார்கள். பத்து நாட்களுக்குள் டிசம்பர் 31 வரையில் நீட்டினார்கள். திருப்பூர்த் தொழிலாளியின் கஷ்டம் மெய்யே. ஆயினும் பெரம்பலூர்க் கரிசலில் மானாவாரிப் பருத்தி விதைக்கும் ஆவணியில் அல்லவா இந்த உத்தரவு வந்தது? 1896-ல் லங்காஷயர் முதலாளிகளுக்காக நமது ஆலைத் துணியின்மீது மூன்றரை வீதம் தீர்வை போட்டபோது, நமது பெரியோர் எழுப்பிய கூக்குரல் 1926-ல் அது ஒழியும் வரையில் ஓயவில்லை. அன்று ஆண்டவன் அந்நியன். இன்று ஆளுவது நாம் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டு. கேட்பதற்கு நமக்கு அதிக உரிமை இருக்கிறதே தவிரக் குறைவில்லை.

கேட்க வேண்டியது இது. 3-வது பிரிவைத் திருத்தி, அழியும் உணவுப் பயிர்களின் ஏற்றுமதியைத் தடுக்குமுன் ஒரு பயிர்க் காலம் முன்னறிவிப்பு வேண்டும் என்று விதிக்க வேண்டும். பஞ்சம் போன்ற அவசரத்தில் உடனே தடுத்தாக வேண்டுமானால், தடைக்கு முந்தின நாள் விலைக்குச் சர்க்காரே பட்டறைச் சரக்கை வாங்கிக் கொள்ளட்டும். சின்ன வெங்காயத்தைக் கிருஷ்ணாபுரம் வெங்காயம் போலப் பெயர் சொல்லிப் பிரிக்கட்டும். பெரம்பலூர், சிதம்பரம் தொகுதிகளின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதற்கொரு தனி மசோதா கொண்டு வருவதில் தடையேதுமில்லை. நமது தொண்டர்கள் அடுத்த ஐப்பசி நடவுக்கு முன் கிராமம் கிராமமாகக் கையெழுத்து வாங்கி, அவர்கள் கையில் மனுவைச் சேர்ப்பார்களாக.