ஊர்க் குடிநீர்

ஊர்தோறும் உயர்ந்து நிற்கும் மேல்நிலைத் தொட்டியை நாம் நாளும் காண்கின்றோம். அதனை நடத்தும் முறையையோ நம்முட் சிலரே அறிவர். ஆழ்குழாய்க் கிணற்று நீரை மின்மோட்டார் மேலேற்றுகின்றது. பின்னர் அந்நீர் தானே தெருக்குழாய்களுக்கு இறங்கிப் பாய்கின்றது. பொறியின் தொழில் இவ்வளவே. எஞ்சியது மனிதர் கடமையாம்.

முதற்கடமை நோய்க்கிருமிகளை ஒழித்தல். 30,000 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் 30 கிராம் குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் காற்பங்கே குளோரின் இருப்பின், 120 கிராம் தூள் இடல் வேண்டும். அதனை வாளி நீரிற் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியிற் சேர்த்து, அரைமணி கழிந்த பின்னரே குழாயைத் திறத்தல் முறை. மூடாது வைத்த தூள் வீரியம் இழக்கும். ஆதலின் அளவு சரியாயினும் பயன் குன்றும்.

இரண்டாவது சோதனை. அதனைத் தொட்டியடியிற் செய்தல் போதாது. கடைக்கோடி வீட்டுக் குழாயிலன்றோ செய்தல் வேண்டும்! அங்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருத்தல் வேண்டுமென்பது இந்தியத் தரவிதி. நீர் நின்ற வேளையில், உடைந்த குழாய் சாக்கடை நீரை உள்ளிழுத்தலும் கூடும்; அவ்விடத்து மக்களைக் காப்பது அவ்வெச்சமே.

ஆயினும், மருந்துவாடை வீசுகின்றதென நாம் முறையிட, தொட்டி இயக்குபவர் தூளைக் குறைத்துவிடுகின்றார். வாடை தீர்கின்றது, வயிற்றுநோய் புகுகின்றது. பழி அவரைச் சேர்கின்றது.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் குடிநீர் வழங்குதலை ஊராட்சியின் கடமையாக்கியுள்ளது. கிராம சபையில் அதுபற்றி வினவுதல் நம் கடமை. விடுமுறையில் ஊர் ஏகும் நாம், கடைசி வீட்டாரின் குடத்தை ஒருமுறை நோக்குவோமாக.