வீதியும் கம்பமும்: சிறு இணைய நிறுவனங்களின் வழியுரிமை

வீதி அனைவர்க்கும் பொது. அதில் நடப்பதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் எவரும் தனி இசைவு பெற வேண்டியதில்லை. ஆயின், அவ்வீதியின் ஓரத்தில் கம்பம் நடவோ, அடியில் குழாய் பதிக்கவோ, மேலே வடம் இழுக்கவோ விரும்புபவரின் நிலை வேறு. நடப்பவர் கடந்து போய்விடுகிறார். கம்பமோ நட்ட இடத்திலேயே நிற்கிறது. பொதுவிடத்தின் ஒரு பகுதியைத் தமக்கென நிலையாக எடுத்துக்கொள்ளும் இச்செயலுக்குச் சட்டத்தின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதலே வழியுரிமை எனப்படும்.

இணையச் சேவை தர முற்படும் சிறு நிறுவனத்துக்கு இவ்வுரிமையே உயிர்நாடி. கருவிகளை விலைக்கு வாங்கலாம். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தலாம். வீட்டு வாயில் வரை வடத்தைக் கொண்டுசெல்ல வழியில்லையேல் அவையெல்லாம் வீணே. இவ்வுரிமை எவ்வாறு கிட்டுகிறது, எவ்வாறு நழுவுகிறது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்ட வரலாறு நல்ல சான்றாகும்.

தந்திக் காலத்து வழக்கு

1866ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரசு, அஞ்சல் சாலைகளின் ஓரமாகக் கம்பி இழுக்கும் உரிமையைத் தந்தி நிறுவனங்களுக்கு வழங்கியது. பின்னர் செயிண்ட் லூயிஸ் நகராட்சி, தன் தெருவில் நிற்கும் கம்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 டாலர் கேட்டது. வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் அதனை எதிர்த்து வழக்காடியது. நகராட்சி அவ்வாறு கேட்கலாம் என்றும், அத்தொகை இடத்துக்கான வாடகையை ஒத்தது என்றும் உச்ச நீதிமன்றம் 1893இல் தீர்ப்பளித்தது.

இக்கருத்தின் சாயலை 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் காணலாம். அதன் 253ஆம் பிரிவு, தொலைத்தொடர்புச் சேவை தர முன்வருபவரை மாநிலமோ நகராட்சியோ தடுத்துவிடலாகாது என்கிறது. அதே பிரிவு, வீதியை முறைப்படுத்தவும் நியாயமான கட்டணம் பெறவும் அவற்றுக்கு உள்ள அதிகாரத்தையும் காக்கிறது. ஒருவரிடம் வாங்குவது, மற்றொருவரிடம் வாங்காமல் விடுவது என்னும் ஓரவஞ்சனை மட்டும் கூடாது.

கம்பம் யாருடையது?

வீதி பொதுவாயினும் அதில் நிற்கும் கம்பம் பொதுவன்று. பெரும்பாலான கம்பங்கள் மின்சார நிறுவனங்களுக்கோ பழைய தொலைபேசி நிறுவனங்களுக்கோ உரியவை. வீதிதோறும் புதிய கம்பங்களை நட்டுக்கொண்டே போவது இயலாது. எனவே புதிதாக வருபவர், இருக்கும் கம்பத்திலேயே ஓரிடம் கேட்டுப் பெற வேண்டியவராகிறார். பல வேளைகளில், கம்பத்துக்கு உரியவரே தொழிலில் அவருக்குப் போட்டியாளராகவும் இருக்கிறார்.

இதனை உணர்ந்தே காங்கிரசு 1978இல் ஒரு சட்டம் இயற்றிற்று. கம்பி வழித் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் கேட்கும் கம்ப வாடகையை அளவுக்குள் நிறுத்தும் அதிகாரம் கூட்டரசுத் தொடர்பு ஆணையத்துக்குக் கிடைத்தது. 1996இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இதில் சேர்க்கப்பட்டன. அதனோடு, இடம் தருவது கட்டாயக் கடமையும் ஆயிற்று. கூட்டுறவுச் சங்கங்களின் கம்பங்களுக்கும் அரசுக்குச் சொந்தமான கம்பங்களுக்கும் இக்கடமை இல்லை. கம்ப வாடகையைத் தாமே முறைப்படுத்தும் மாநிலங்களும் பல உள.

வாடகைக் கணக்கும் அறியத்தக்கது. வேறு சான்று இல்லாதபோது, கம்பத்தின் உயரம் 37.5 அடி, அதில் பயன்படும் பகுதி 13.5 அடி, வடம் ஒன்று கொள்ளும் இடம் 1 அடி என ஆணையம் வைத்துக்கொள்கிறது. அந்த ஓர் அடிதான் சிறு நிறுவனம் வேண்டி நிற்பது.

சொல்லில் பிறந்த சிக்கல்

இனி, இவ்வுரிமைகள் யாருக்கு உரியன? சட்டம் 'தொலைத்தொடர்புச் சேவை' எனவும் 'தகவல் சேவை' எனவும் இரண்டைப் பிரித்துக் கூறுகிறது. ஒருவர் அனுப்புவதை உருவும் பொருளும் மாறாமல் மற்றோரிடம் சேர்ப்பது தொலைத்தொடர்பு. தகவலை ஆக்கவும், சேமிக்கவும், மாற்றவும், பெறவும் வசதி செய்வது தகவல் சேவை. வீதியைப் பற்றிய 253ஆம் பிரிவும், கம்பத்தைப் பற்றிய 224ஆம் பிரிவும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்கின்றன; தகவல் சேவையின் பெயரைச் சொல்லவில்லை.

அவ்வாறாயின் இணையம் இவ்விரண்டில் எது? கம்பி வழித் தொலைக்காட்சி நிறுவனங்கள் தரும் இணையம் தகவல் சேவையே என ஆணையம் 2002இல் கூறியது. உச்ச நீதிமன்றம் 2005இல் அம்முடிவை நிலைநிறுத்தியது. 2015இல் ஆணையம், அகன்ற அலைவரிசை இணையம் தொலைத்தொடர்பே என்றது. 2017இல் மீண்டும் தகவல் சேவை என மாற்றியது. கம்ப உரிமைக்கு இதனால் நேரும் விளைவை ஆணையம் சரிவர ஆராயவில்லை என 2019இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறை கூறி, அப்பகுதியைத் திருப்பி அனுப்பியது. 2020இல் ஆணையம் தன் முடிவையே உறுதி செய்தது. 2024இல் மறுபடியும் தொலைத்தொடர்பு என்றது. 2025 ஜனவரியில் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது.

கம்பமும் வடமும் மாறவில்லை; அவற்றுக்கு இட்ட பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. பெரிய நிறுவனத்துக்கு இதனால் பெருங்கேடில்லை. தொலைபேசியோ தொலைக்காட்சியோ உடன் வழங்குவதால் அதன் கம்ப உரிமை நிலைத்திருக்கிறது. இணையம் ஒன்றையே வழங்கும் சிறு நிறுவனத்தின் உரிமைதான் பறிபோகிறது. அவ்வாறு நேரும் என்பதை 2020ஆம் ஆண்டு ஆணையில் ஆணையமே ஒப்புக்கொண்டது.

மாற்று வழி

இதற்கு ஒரு மாற்று உண்டு. மாநிலப் பயன்பாட்டு ஆணையத்திடம் தொலைபேசி நிறுவனமாகச் சான்றிதழ் பெற்று, குரல் சேவை ஒன்றையும் உடன் வழங்குவது அது. அவ்வழியில் கம்ப உரிமை கிட்டும். ஆனால் விண்ணப்பம், வழக்குரைஞர், ஆண்டறிக்கை எனச் செலவு பெருகும். சிலநூறு வீடுகளுக்குச் சேவை செய்ய எண்ணுபவருக்கு அது சிறு சுமையன்று.

உரிமை பெற்ற பின்னரும் காலத்தாழ்வு காத்திருக்கும். புதிய வடத்துக்கு இடம் செய்ய, முன்பே உள்ள வடங்களை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆளைத் தனித்தனியே அனுப்பி நகர்த்தியதால் மாதக்கணக்கில் வேலை நீண்டது. எளிய பணிகளை ஒரே வருகையில் ஒரே ஒப்பந்தக்காரர் முடிக்கலாம் என 2018இல் ஆணையம் விதி செய்தது. நல்ல விதிதான். எனினும், 224ஆம் பிரிவின் உரிமை உடையோருக்கே அதன் பயனும் உண்டு.

போட்டியை வளர்க்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம். பெரிய நிறுவனங்கள் இலாபமில்லை என ஒதுக்கிய ஊர்களுக்கு வடம் கொண்டுசெல்ல முன்வருவோர் பலரும் சிறியவரே. அவர்தம் உரிமையை ஒரு பெயரின்மேல் ஏற்றி வைத்திருக்கும் வரை, பெயர் மாறுந்தோறும் உரிமையும் ஆடிக்கொண்டே இருக்கும். இணையம் எவ்வகைச் சேவை என்னும் வாதம் எவ்வாறு முடியினும், வீதியில் வடம் இழுக்கும் உரிமையைக் காங்கிரசு தனியே எழுதி வைப்பதே இதற்கு நிலையான தீர்வாகும். அதுவரை, இணைப்புக்காகக் காத்திருக்கும் ஊரார், கம்பத்தின் ஓர் அடி இடத்துக்காகவும் காத்திருக்க வேண்டியவர்களே.