விமானத்தைக் குளிப்பாட்டும் தொழில்!

ஆகாயத்தில் பறக்கும் விமானத்துக்கு அழுக்கு ஏறுமா?

ஏறும்! நன்றாகவே ஏறும்!

விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போதும், தரையில் இறங்கும்போதும் பூச்சிகள் இறக்கையில் மோதிச் சாகின்றன. எஞ்சின் கக்கும் கரி பின்பக்கத்தில் படிகிறது. வயிற்றுப் பாகத்தில் எண்ணெய் வழிகிறது; அதில் தூசி ஒட்டிக்கொள்கிறது. சக்கரங்களைச் சுற்றி, பிரேக் தேய்ந்த கருந்தூள் அப்பிக் கிடக்கிறது.

"செத்த பூச்சிதானே!" என்று நினைத்துவிடக் கூடாது. இறக்கையின் முன் விளிம்பில் ஒட்டிய பூச்சி, அதன் மேல் வழுக்கிச் செல்ல வேண்டிய காற்றைக் குலைத்துவிடுகிறது. காற்று குலைந்தால் எஞ்சினுக்கு வேலை அதிகம். எரிபொருள் செலவும் அதிகம். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2015-ம் ஆண்டில் லூசியானா மாநிலத்தில் உள்ள ஷ்ரீவ்போர்ட் என்ற ஊருக்கு ஒரு விமானத்தைக் கொண்டு போனது. பூச்சி ஒட்டாத பூச்சு எது என்று அங்கே பறந்து பறந்து சோதித்தார்கள். அந்த ஊருக்கு ஏன் போனார்கள் தெரியுமா? அங்கே பூச்சிகள் அதிகம்!

இப்படிப் படிந்த அழுக்கை எடுத்து, மெருகு ஏற்றிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது ஒரு பெரிய தொழில். "டீடெய்லிங்" என்று பெயர். வெறுமனே தண்ணீரைக் கொட்டிக் கழுவுவது அல்ல இது. சந்து பொந்து ஒன்று விடாமல் துடைத்து, கீறலைப் போக்கி, மெழுகு பூசி, புது வண்டி போல் ஆக்கிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு வாளி

விமானத்தைத் துடைப்பவர்களில் பலர், முதலில் காரைத் துடைத்துத் தொழில் பழகியவர்கள்.

கார் வேலைக்கு முதல் அதிகம் தேவை இல்லை. வாளிகள், சோப்பு, நல்ல துணிகள், ஒரு பாலிஷ் மெஷின். கடைகூட வேண்டாம். ஒரு வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, கார்க்காரர் வீட்டு வாசலுக்கே போய் வேலை செய்கிறவர்கள் ஏராளம்.

ஆனால், துடைப்பதிலும் முறை இருக்கிறது. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர்; இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். காரைத் தேய்த்த துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் சோப்பு வாளியில் முக்க வேண்டும். ஏன்? துணியில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போதும். அதுவே காரைக் கீறிவிடும். அழுக்கைத் துடைக்கப் போனவன் கீறல் போட்டு வைத்த கதை ஆகிவிடும்!

கழுவிய பிறகு பாலிஷ். இதில்தான் கைத்திறமை. இந்தக் காலத்துக் கார்களில், நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அது தலைமயிரை விட மெல்லியது. பாலிஷ் போடுவது என்றால், அந்த மெல்லிய பூச்சிலும் கொஞ்சத்தைத் தேய்த்து எடுப்பது என்றுதான் அர்த்தம். ஒரே இடத்தில் மெஷினை அழுத்திப் பிடித்தால் பூச்சு தீய்ந்து, அடியில் உள்ள நிறம் வெளியே வந்துவிடும். பிறகு பெயிண்டு அடித்துக் கொடுக்க வேண்டியதுதான். வந்த கூலியும் போய், கைக்காசும் போகும்.

கடைசியில் மெழுகு. நல்ல மெழுகு எங்கிருந்து வருகிறது? ஒரு பனை மரத்திலிருந்து! பிரேசில் நாட்டின் வடகிழக்கில் 'கார்னோபா' என்ற பனை வளர்கிறது. நம் ஊர்ப் பனையைப் போலவே விசிறி ஓலை. வறண்ட பூமியில் ஈரம் போகாமல் இருக்க, அந்த ஓலை தன் மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிர்கிறது. 80 டிகிரி சூட்டுக்கு மேலே போனால்தான் அது உருகும். அதனால் உச்சி வெயிலில் நிற்கும் காரிலும் தாக்குப்பிடிக்கிறது.

சோப்பு வேறு, துணி வேறு

காரில் கை தேர்ந்தவன் கண், பிறகு விமான நிலையத்தின் பக்கம் போகிறது. சொந்த விமானம் வைத்திருக்கும் செல்வர்கள் அமெரிக்காவில் நிறைய. ஒரு விமானத்தின் வேலை, பல கார்களின் வேலைக்குச் சமம். பணமும் அப்படியே.

ஆனால் இங்கே சட்டங்கள் வேறு. விமான நிலையத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும். காருக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் விமானத்துக்குச் செல்லாது. தனியாக எடுக்க வேண்டும். கூலி பேசுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. டெலிபோனில் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு கூலியைச் சொல்லிவிட்டு, நேரில் போய் விமானத்தின் வயிற்றில் வழிந்திருக்கும் எண்ணெயைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

காருக்குப் போடும் சோப்பை விமானத்துக்குப் போடக் கூடாது. விமானம் செய்த உலோகத்தைச் சில மருந்துகள் அரித்துவிடும். விமானக் கம்பெனி ஒப்புக்கொண்ட சோப்புதான் வேண்டும்.

விமான ஜன்னல் கண்ணாடி அல்ல. ஒரு வகைப் பிளாஸ்டிக். அம்மோனியா கலந்த, வீட்டுக் கண்ணாடி துடைக்கும் மருந்தைப் போட்டால், அதில் சிலந்தி வலை போல வெடிப்பு விழுந்துவிடும்.

சக்கரக் கால்களில் வேகமாகத் தண்ணீரை அடித்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகும். அப்படிப் போனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மறுபடியும் கிரீஸ் வைத்தாக வேண்டும்.

பெயிண்டே அடிக்காமல், அலுமினியத்தையே கண்ணாடி போல் தேய்த்து வைக்கும் வழக்கமும் இருந்தது. 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ்' விமானங்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் மின்னின. பெயிண்டுக்கும் எடை உண்டு அல்லவா? பெரிய விமானத்தில் அது நூற்றுக்கணக்கான கிலோ! ஆனால் புதிய விமானங்களில் சிலவற்றின் உடல் அலுமினியத்தால் செய்யப்படுவதில்லை. கார்பன் நாரைத் தேய்த்தால் மின்னாது. 2013-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியும் பெயிண்டுக்கு மாறியது.

கென்னடி ஏறிய விமானம்

இந்தத் தொழிலாளர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விமானம் ஒன்று உண்டு. அது சியாட்டில் நகர விமானக் காட்சிசாலையில் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதிகள் பயணம் செய்த முதல் ஜெட் விமானம் அது. 1959-ம் ஆண்டில் வந்தது. ஐசனோவர், கென்னடி, ஜான்சன், நிக்சன் ஆகிய நால்வரும் அதில் ஏறியிருக்கிறார்கள். (கென்னடியின் உடலைச் சுமந்து வந்தது இது அல்ல, அது வேறு விமானம்.)

இந்த விமானம் பல ஆண்டுகள் திறந்த வெளியில் நின்றது. சியாட்டில் மழைக்குப் பேர்போன ஊர். பெயிண்டு மங்கியது. அலுமினியம் வெளுத்தது. டீடெய்லிங் தொழிலாளர்கள் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வந்து, கூலி வாங்காமல் இதைத் தேய்த்து மெருகேற்றினார்கள். 2016-ம் ஆண்டில்தான் காட்சிசாலை அதற்கு ஒரு கூரை போட்டது.

சிறிய துளை

விமானத்தைக் கழுவும்போது, காரில் இல்லாத ஒரு பயம் உண்டு. விமானத்தின் பக்கவாட்டில் சிறு சிறு துளைகள் இருக்கின்றன. பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'ஏதோ ஓட்டை' என்றுதான் தோன்றும். ஆனால் விமானி அந்தத் துளையை நம்பித்தான் விமானம் ஓட்டுகிறார்.

குளத்தில் முங்கினால், ஆழத்துக்குப் போகப் போகக் காது அடைக்கிறது அல்லவா? மேலே வர வர லேசாகிறது. காற்றும் அப்படித்தான். கீழே அழுத்தம் அதிகம்; உயரப் போகப் போகக் குறைவு. அந்தத் துளைக்குள் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதை வைத்துத்தான், எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதைக் கருவிகள் கணக்குப் போடுகின்றன.

தண்ணீரோ, பாலிஷோ அந்தத் துளைக்குள் போகக் கூடாது. ஆகவே, கழுவும்போது மூட வேண்டும். கழுவி முடித்ததும் திறந்துவிட வேண்டும்.

மறந்தால்?

லிமாவில் ஓர் இரவு

1996-ம் ஆண்டு, அக்டோபர் 2-ந் தேதி. பெரு நாட்டின் தலைநகரான லிமா. நள்ளிரவு 12-42 மணி.

'ஏரோபெரு' கம்பெனியின் போயிங் 757 விமானம், சிலி நாட்டுத் தலைநகரான சாண்டியாகோவுக்குக் கிளம்பியது. பயணிகள் 61 பேர். சிப்பந்திகள் 9 பேர். கிளம்புவதற்கு முன்னால் விமானத்தின் அடிப்பாகத்தைக் கழுவிப் பாலிஷ் போட்டிருந்தார்கள்.

தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்திலேயே கருவிகள் தாறுமாறாகக் காட்டின. உயரம் காட்டும் முள் பொய் சொன்னது. வேகம் காட்டும் முள்ளும் பொய் சொன்னது. "வேகம் அதிகம்!" என்று ஓர் எச்சரிக்கை அலறியது. "வேகம் போதாது, விழப் போகிறாய்!" என்று இன்னோர் எச்சரிக்கையும் கூடவே அலறியது.

எதை நம்புவது?

கீழே கடல். மேலே இருட்டு. ஒரு விளக்குகூடக் கண்ணில் படவில்லை.

விமானிகள், தரையில் இருந்த அதிகாரியிடம் ரேடியோவில் கேட்டார்கள்: எங்கள் உயரம் என்ன? அவர் தன் திரையைப் பார்த்துச் சொன்னார்: 9,700 அடி. விமானிகளுக்குத் தைரியம் வந்தது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது? அதே விமானத்தின் அதே கருவியிலிருந்து! பொய்தான் தரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

ஓர் எச்சரிக்கை உண்மை சொல்லிக்கொண்டிருந்தது. "தாழப் பறக்கிறாய்! தரை நெருங்குகிறது!" என்பதுதான் அது. அந்தக் கருவிக்குத் துளை தேவை இல்லை. ரேடியோ அலையால் வேலை செய்வது. ஆனால் இத்தனை பொய்களுக்கு நடுவே அது உண்மை என்று யாருக்குத் தெரியும்?

இறக்கை கடலில் உரசியது. விமானத்தை மேலே தூக்கினார்கள். சில விநாடிகள்தான். விமானம் கவிழ்ந்து கடலில் விழுந்தது. கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

70 பேரும் மாண்டார்கள்.

கடலுக்கு அடியிலிருந்து உடைந்த பாகங்களை எடுத்துப் பார்த்தார்கள். இடது பக்கத்துத் துளைகளின் மேல், வெள்ளி நிற டேப் ஒட்டியபடியே இருந்தது!

யார் குற்றம்?

டேப்பை எடுக்காமல் விட்ட தொழிலாளி மீது வழக்கு நடந்தது. அலட்சியத்தால் உயிர்ச் சேதம் ஏற்பட்டது என்று பெரு நாட்டுக் கோர்ட்டு அவரைத் தண்டித்தது.

அவர் மறந்தது உண்மை. ஆனால் வேலையைச் சரிபார்க்க வேண்டியவரும் பார்க்கவில்லை. கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்த்த விமானியின் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? விமானத்தின் உலோகமும் வெள்ளி நிறம். டேப்பும் வெள்ளி நிறம். இரவு நேரம். பலர் கண் தவறிய இடத்தில், ஏணியில் நின்று துணியால் தேய்த்தவர் தலையில் பழி முழுதும் விழுந்ததை நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

12 ஆண்டுகள் கழித்து, நேர்மாறான ஒரு தவறு நடந்தது. பிரான்சு நாட்டில் பெர்பினான் என்ற ஊர். ஓர் ஏர்பஸ் விமானத்துக்குப் புதிதாகப் பெயிண்டு அடித்திருந்தார்கள். அதன் மேல் படிந்த தூசி போகத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். எதிரே வரும் காற்றை விமானம் எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதைக் காட்டும் கருவிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மூடாமலே கழுவிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே போனது. 3 நாள் கழித்து, 2008-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி, விமானம் சோதனைக்காகப் பறந்தது. உயரத்தின் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்தது. மூன்றில் இரண்டு கருவிகள் அசையவில்லை. வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனையை விமானிகள் தாழ்வான உயரத்தில் செய்தார்கள். அது அவர்கள் தவறு. விமானம் மத்தியதரைக் கடலில் விழுந்தது. இருந்த 7 பேரும் இறந்தார்கள்.

அங்கே மூடியை எடுக்காமல் விட்டார்கள். இங்கே மூடவே இல்லை!

சிவப்பு நாடா

இன்று நல்ல கம்பெனிகளில் வெள்ளி நிற டேப்பைத் துளைப் பக்கமே கொண்டுபோக விடுவதில்லை. கண்ணைப் பறிக்கும் நிறத்தில், அதற்கென்றே செய்த மூடிகள் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு முழ நீளச் சிவப்பு நாடா தொங்கும். "பறக்கும் முன் அகற்று" என்று அதில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே காற்றில் ஆடுவது தெரியும்.

எந்தெந்த இடத்தில் மூடி போட்டோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்ததும் மூடியை ஒருவர் எடுக்கிறார். இன்னொருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு துளையாகக் கண்ணால் பார்த்துப் புள்ளி வைக்கிறார். கழற்றிய மூடிகளைத் தரையில் வரிசையாக வைத்து எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தாலும், விமானம் எவ்வளவு பளபளத்தாலும், சொந்தக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும், அதை அவரிடம் ஒப்படைப்பதில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் மூக்கிலிருந்து தேடத் தொடங்குகிறார்கள்.