பழைய காருக்கும் மூச்சு முட்டும்

மாணவர்களே, இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தாத்தா வாங்கிய வால்வோ 240 கார் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. அதற்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால், நிறுத்தும் இடத்தில் எல்லாம் கறுப்பாக எண்ணெய் சொட்டுகிறது. பட்டறையில் காட்டினால், "எஞ்சினின் பின்பக்க சீல் போய்விட்டது. கியர்பெட்டியை இறக்கித்தான் மாற்ற வேண்டும்" என்கிறார்கள். கூலியைக் கேட்டதும் அப்பா யோசிக்கிறார். "பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்கிறார் அம்மா. தாத்தா ஒன்றும் பேசவில்லை.

முடிவு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அதற்குத் தேவை ஒரு மெல்லிய ரப்பர் கையுறை மட்டுமே. அந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் காரை அறிந்துகொள்வோம்.

பெட்டி போன்ற கார்

சுவீடன் நாட்டு நிறுவனமான வால்வோ, 240 வரிசைக் கார்களை 1974 முதல் 1993 வரை தயாரித்தது. மொத்தம் 28 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. நமக்கும் இந்தக் காருக்கும் தொடர்பு உண்டு. ஷா ஆலாமில், பத்து தீகா பகுதியில் 1960களின் பிற்பகுதியிலிருந்தே வால்வோ கார்கள் பொருத்தப்பட்டு வந்தன. 240 கார்களும் அங்கே உருவானவைதாம்.

கையால் பழுதுபார்த்துக் கற்றுக்கொள்ள இது நல்ல கார். எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே இடம் தாராளமாக இருக்கும். நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின், முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் அமர்ந்திருக்கும். வார்ப்பிரும்பால் ஆன அதன் உடலுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

கறையை முதலில் படியுங்கள்

இரவில் காரின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு நிறக் கறை என்றால் எஞ்சின் எண்ணெய். சிவப்பு என்றால் பெரும்பாலும் தானியங்கி கியர்பெட்டியின் எண்ணெய். பச்சை அல்லது நீலம் என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். நிறமே இல்லாத வெறும் தண்ணீர் என்றால் கவலை வேண்டாம். நம் நாட்டு ஈரக்காற்று, குளிர்சாதனப் பெட்டியில் பட்டு நீராகிச் சொட்டியிருக்கும்.

கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் காரில் எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் கீழே கறுப்புக் கறை இருக்கிறது. ஆக, பட்டறைக்காரர் சொன்னது சரிதான். பின்பக்க சீலில்தான் எண்ணெய் கசிகிறது. ஆனால், அந்த சீல் ஏன் கசிகிறது? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது?

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் எரியும்போது உண்டாகும் வாயு, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அந்த வாயுவைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆனால், எந்த வளையமும் முழுமையாக அடைப்பதில்லை. புதிய எஞ்சினில்கூடக் கொஞ்சம் வாயு நழுவி, கீழே எண்ணெய் இருக்கும் அறைக்குள் போய்விடும். அதில் நீராவி, எரியாத பெட்ரோல், புகைக்கரி எல்லாம் கலந்திருக்கும்.

இந்த வாயு வெளியேற வழி வேண்டும். அப்படியே வெளியே விட்டால் காற்று மாசுபடும். அதனால் ஒரு குழாய் வழியாக அதை மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடுகிறார்கள். பெரும்பாலான 240 கார்களில், இந்த வழியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டு இருக்கும். சின்னச் சின்னத் துளைகள் கொண்டது. மெக்கானிக்குகள் அதை 'ஃபிளேம் டிராப்' என்பார்கள். எஞ்சின் கோளாறால் காற்றுக்குழாயில் தீ திரும்பி வந்தால், அது எண்ணெய் அறையை எட்டாமல் தடுப்பதே அதன் வேலை. குறுகலான துளைகளுக்குள் நுழையும் தீயின் வெப்பத்தைச் சுவர்கள் இழுத்துக்கொள்வதால் தீ அணைந்துவிடும். 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய பாதுகாப்பு விளக்கின் கம்பிவலையும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்தது.

ஆனால், தீயைத் தடுக்கும் அதே சிறு துளைகளில் நாளடைவில் அழுக்கும் சேர்கிறது. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் கார் முழுமையாகச் சூடாவதில்லை. அப்போது நீராவி எண்ணெயோடு கலந்து பிசின் போல் படிகிறது. துளைகள் அடைபட்டால் வாயு வெளியேற முடியாது. எண்ணெய் அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். எந்த இடம் பலவீனமாக இருக்கிறதோ அங்கே எண்ணெயோடு வெளியேறும். தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையமான சீல்தான் பெரும்பாலும் அந்தப் பலவீனமான இடம்.

அப்படியானால், அடைப்பை விட்டுவிட்டு சீலை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? கொஞ்ச காலத்தில் புதிய சீலும் கசியும். கொடுத்த கூலி வீண்.

கையுறைச் சோதனை

இதைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து மட்டுமே செய்யுங்கள். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். சட்டைக் கையை மடித்துவிடுங்கள். சுழலும் விசிறிக்கும் பட்டைக்கும் அருகே கை போகக் கூடாது.

1. எஞ்சின் நின்றிருக்கும்போது, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றுங்கள்.

2. அந்த வாயின்மேல் ரப்பர் கையுறையை இழுத்து மாட்டி, ரப்பர் பட்டையால் கட்டுங்கள்.

3. பெரியவர் எஞ்சினை இயக்கட்டும். வேகம் கொடுக்க வேண்டாம். நீங்கள் தள்ளி நின்று கவனியுங்கள்.

கையுறை தளர்ந்து கிடந்தாலோ உள்ளே இழுக்கப்பட்டாலோ எஞ்சின் சரியாக மூச்சு விடுகிறது. கையுறை ஊதி, ஐந்து விரலும் விரிந்து நின்றால் மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

கையுறை ஊதினால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். புதிதாக வாங்கினாலும் சீல் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பிறகு சோதனையை மீண்டும் செய்யுங்கள். கையுறை இன்னும் ஊதுகிறதா? குழாயோ, எண்ணெயைப் பிரிக்கும் பெட்டியோ அடைத்திருக்கலாம். அவையும் சரியாக இருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் சோதிப்பதே அறிவியல் முறை. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே கிழிந்துபோன சீல், அடைப்பை எடுத்தாலும் ஒட்டிக்கொள்ளாது. ஆனால், அழுத்தம் இறங்கியதும் கசிவு குறைந்தாலோ நின்றாலோ, கியர்பெட்டியை இறக்க வேண்டிய அவசரம் இல்லை.

முடுக்கினால் ஏன் முனகுகிறது?

பழைய காரில் அடிக்கடி வரும் இன்னொரு தொல்லை, சாவியைத் திருப்பினால் எஞ்சின் சோம்பலாக முனகுவது. உடனே மின்கலத்தைக் குறை சொல்கிறோம். ஓமின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முடுக்கும் மோட்டார் 150 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கலத்தின் முனையில் படிந்த துருவால் 0.01 ஓம் மின்தடை மட்டுமே கூடியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 1.5 வோல்ட். 12 வோல்ட் மின்கலத்தில் எட்டில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகிறது!

இதற்கு மருந்து உப்புத்தாள்தான். கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறி உடலில் பட்டால், பெரும் மின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

தானே பழுதுபார்ப்பதில் துணிச்சலைவிட எல்லை தெரிவது முக்கியம்.

ஜாக்கியை மட்டும் நம்பி காரின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு உறுதியான இரும்புத் தாங்கிகள் வேண்டும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்விக்கும் திரவத்தின் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தச் சமையல்பானையில் போலவே, உள்ளே அழுத்தம் அதிகமாக இருப்பதால் திரவம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே அழுத்தம் இறங்கி, கொதித்து முகத்தில் பீறிடும்.

பிரேக்கைப் பட்டறைக்கே விடுங்கள். ஆனால், பிரேக் திரவத்தை எப்போது மாற்றினோம் என்று வீட்டில் கேளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகு விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் திரவம் கொதித்து ஆவியாகலாம். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த மிதி தரைவரை போகும், கார் நிற்காது. காருக்கு வயதாகிவிட்டது என்பதைவிட, அதன் திரவத்துக்கு வயதாகிவிட்டது என்பதே ஆபத்து.

பழைய எஞ்சின் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய கலனில் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஓர் அறிவியல் ஆசிரியரின் கார்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இர்வ் கோர்டன் என்ற அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966இல் சிவப்பு நிற வால்வோ பி1800 கார் ஒன்றை வாங்கினார். அதே காரை ஓட்டிக்கொண்டே இருந்தார். 2013இல் அது 30 லட்சம் மைலைத் தொட்டது. கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். பூமியை 120 முறை சுற்றி வரும் தூரம்! ஒரே உரிமையாளர் மிக அதிக தூரம் ஓட்டிய கார் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. 2018இல் அவர் மறைந்தார்.

அவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை. காரோடு வந்த கையேட்டைப் படித்தார். உரிய காலத்தில் எண்ணெயை மாற்றினார். சிறு கோளாறு பெரிதாகும் முன் கவனித்தார்.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். உங்கள் வீட்டுக் கார் வால்வோவாக இருக்க வேண்டியதில்லை. இன்று அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எண்ணெய் அளவு எவ்வளவு, அடியில் கறை உண்டா என்று எழுதுங்கள். அடுத்த வாரம் மீண்டும் பாருங்கள். "இரும்புக்குப் போட்டுவிடலாமா?" என்ற பேச்சு வீட்டில் வரும் நாளில், அந்தப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள்.