வலிக்கும் காலுக்கு வைத்தியம் உண்டு... வலிக்காத காலுக்கு?

காரவள்ளியில் சமவெளி முடிந்து கொல்லிமலை தொடங்குகிறது. இங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் மலையின் மேல்பரப்பு. சாலை வருவதற்கு முன்பு மலைக்குப் போகவும் வரவும் கால்தான் வண்டி. இன்று பேருந்து ஓடுகிறது. ஆனாலும் மிளகுக்கொடி, காபி, அன்னாசி, வாழை என்று சரிவில் கிடக்கும் தோட்டத்துக்குள் பேருந்து போகாது. அங்கே ஏறி இறங்குவது கால்தான். அடிவாரத்து மரவள்ளி வயலிலும் அதே கதை.

மண்வெட்டியின் காம்பு உடைந்தால் அன்றைக்கே மாற்றுகிற விவசாயி, குதிகால் வலித்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார். நகம் சதைக்குள் குத்தினால் பிளேடை எடுத்துத் தானே கீறிக்கொள்கிறார். விவசாயிகளுக்கு அடிக்கடி வரும் பாதத் தொல்லைகள் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவைதான். ஆனால், எதை வீட்டில் பார்க்கலாம், எதற்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் முதல் அடி வலிக்கிறதா?

படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்தது போல ஒரு வலி. பத்து, இருபது அடி நடந்ததும் குறைகிறது. சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் பிடிக்கிறது. குதிகால் வலியில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்த வகைதான்.

குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரை, பாதத்தின் அடியில் வலுவான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். அதிகப்படியான உடல் எடை, தலைச்சுமை, நாள் முழுக்க நிற்பது, தேய்ந்துபோன செருப்பு, மேட்டில் ஏறி ஏறி இறுகிப்போன கெண்டைக்கால் சதை ஆகியவை இந்த நாரைத் தொடர்ந்து இழுக்கின்றன. குதிகாலில் அது ஒட்டியிருக்கும் இடம் நொந்துபோகிறது. இரவு முழுவதும் சுருங்கிக் கிடந்த நார், காலையில் சட்டென்று நீட்டப்படுவதால்தான் முதல் அடியில் அத்தனை வலி.

எக்ஸ்ரே எடுத்து, 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று சொன்னதும் பலர் பயந்துபோகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு முள் இருக்கும். பெரும்பாலும் வலிக்குக் காரணம் முள் அல்ல, நார்தான். அதற்குச் செய்ய வேண்டியவை:

படுக்கையிலிருந்து இறங்கும் முன்பு, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். 30 விநாடி பிடித்து விட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை.

சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து தூக்காமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்கால் சதை இழுபடுவது தெரியும். இதையும் 30 விநாடி, நாளுக்கு இரண்டு, மூன்று வேளை.

மாலையில், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பாதத்தின் அடியில் 10 நிமிடம் உருட்டலாம்.

குதிகால் பகுதி மெத்தென்று, சற்று உயரமாக உள்ள செருப்பு அணிய வேண்டும். தட்டையாகத் தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட வேண்டும். வீட்டுக்குள் சிமென்ட் தரையிலும் செருப்போடு நடப்பது நல்லது.

இந்த வலி ஒரு வாரத்தில் போகாது. சில மாதங்கள் ஆகும். பொறுமையாகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். வலி ஊசி சிறிது காலத்துக்குத்தான் நிவாரணம் தரும். அடிக்கடி போட்டால் நார் அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பு உண்டு. மேலிருந்து விழுந்த பிறகு வந்த வலி, இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி, காய்ச்சலோடு வரும் வீக்கம் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் கூடாது.

நகம் சதைக்குள் இறங்கினால்

இது பெரும்பாலும் கட்டைவிரலில் வரும். நகத்தின் ஓரத்தை வளைத்து, ஆழமாக வெட்டுவதுதான் முக்கியக் காரணம். வெட்டிய மூலையில் மிஞ்சிய கூர்மை, வளரும்போது சதையைத் துளைக்கிறது. இறுக்கமான ஷூ, கல்லில் இடித்துக்கொள்வது ஆகியவையும் காரணங்கள்.

ஆரம்பக் கட்டத்தில், வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, நாளுக்கு இரண்டு, மூன்று முறை 15 நிமிடம் விரலை ஊறவைக்க வேண்டும். நகமும் சதையும் இளகியதும், சுத்தமான பஞ்சைத் திரிபோல உருட்டி, நகத்தின் மூலைக்கு அடியில் மெதுவாக வைக்கலாம். நகம் சதையைத் தாண்டி வளர அது வழிவிடும். பஞ்சைத் தினமும் மாற்ற வேண்டும். விரலை ஈரமில்லாமல் துடைத்து, முன்பக்கம் திறந்த செருப்பு அணிய வேண்டும்.

சீழ் வைத்தால், சிவப்பு பரவினால், சதை தடித்து வளர்ந்தால் மருத்துவரிடம் போவதே சரி. விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, குத்தும் பகுதி நகத்தை அகற்றிவிடுவார்கள். அந்த ஓரம் மறுபடியும் வளராமலிருக்க, நகத்தின் வேரில் பீனால் மருந்து வைப்பதும் உண்டு. சிறிய சிகிச்சைதான், அன்றே வீடு திரும்பலாம். இனி வராமல் தடுக்க, நகத்தை நேர்கோட்டில் வெட்டி, மூலைகளை அப்படியே விட்டுவிட வேண்டும்.

கொல்லிமலையில் வளர்ந்த மருத்துவர் கண்டது

இதுவரை சொன்னவை எல்லாம் வலிக்கும் கால்கள். வலிக்காத காலின் ஆபத்தை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர், இதே கொல்லிமலையில் நடந்து வளர்ந்தவர். அவர் மருத்துவர் பால் பிராண்ட்.

1914-ல் பிறந்த பால் பிராண்ட், ஒன்பது வயது வரை கொல்லிமலையில் வளர்ந்தார். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இருவரும் மலைமக்களிடையே பணிசெய்த மிஷனரிகள். அந்தக் காலத்தில் குடிநீர் வழியாக உடலுக்குள் போய், காலைத் துளைத்து வெளியே வரும் நரம்புச் சிலந்திப் புழு இங்கே பெரும் தொல்லை. அந்தப் புழுவைக் குச்சியில் மெல்லச் சுற்றி வெளியே எடுக்கும் வைத்தியத்தைத் தந்தை செய்ததை மகன் பார்த்து வளர்ந்தார்.

இங்கிலாந்தில் மருத்துவம் படித்துவிட்டு, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார் பால் பிராண்ட். தொழுநோயால் விரல்களும் பாதங்களும் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையிலும் வேலூரிலும் நோயாளிகளைக் கவனித்த அவர், அப்படி இல்லை என்று கண்டார். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. உணர்ச்சி போனதால் முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும், நெருப்பு சுட்டாலும் தெரிவதில்லை. புண்ணான காலோடு அவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பு வருவதில்லை. காலை அழித்தது கெட்ட சதை அல்ல, வலி இல்லாமைதான்.

ஒருமுறை அவருக்கே அந்தப் பயம் வந்தது. நீண்ட ரயில் பயணம் முடித்து, லண்டனில் இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது! பயணத்தில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து வலியைப் பகையாக அவர் நினைக்கவில்லை.

உணர்ச்சியற்ற பாதத்துக்கு ஓய்வும் சரியான செருப்பும் கிடைத்தால் புண் ஆறும் என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செய்த 'எம்.சி.ஆர்.' செருப்பு வேலூர், கரிகிரி வட்டாரத்தில் நடந்த இந்த முயற்சிகளின் பலன்களில் ஒன்று. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பால் பிராண்ட், அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துச் சொன்னார். 2003-ல் அவர் மறைந்தார்.

இன்று கிராமங்களிலும் சர்க்கரை நோய் பரவியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடம் ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் தேவைப்படுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

சர்க்கரை உள்ளவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர், அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியைச் சுட்டுவிரலால் பூப்போலத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஒன்றிரண்டு விநாடி போதும். இரண்டு கால்களிலும் சேர்த்து ஆறு இடங்கள். தொடும்போதெல்லாம் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தொட்டது தெரியவில்லை என்றால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்கள்:

வெறுங்காலோடு வயலிலும் தோட்டத்திலும் இறங்கக் கூடாது. விரலிடையில் வார் இல்லாத, பின்வார் உள்ள, மெத்தென்ற செருப்பு அணிய வேண்டும். காலை விடும் முன்பு உள்ளே கல், முள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

தினமும் இரவு பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். ஓரிடம் மட்டும் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால், அங்கே அடி விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வெந்நீரில் காலை ஊறவைக்கவோ, ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. சுடுவது தெரியாமல் வெந்துவிடும். கால் ஆணியை, நகத்தைத் தாமே வெட்டிக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன உப்புநீர் வைத்தியமும் இவர்களுக்கு இல்லை. சிறிய புண் என்றாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கேள்வி: பித்தவெடிப்பில் ரத்தம் கசிகிறது. என்ன தடவலாம்?

பதில்: தோல் வறண்டு தடிப்பதால் வெடிக்கிறது. இரவில் காலைக் கழுவி, கல்லால் இலேசாகத் தேய்த்து, ஈரம் ஒற்றியெடுத்ததும் வாஸ்லின் தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். தடிப்பு அதிகமென்றால் யூரியா கலந்த களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்துத் தடவக் கூடாது! வெடிப்பு ஆழமாகி ரத்தமோ சீழோ வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு போட்டால் போகிறது, திரும்ப வருகிறது. ஏன்?

பதில்: இது ஈரத்தில் வளரும் பூஞ்சை. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவதுதான் தவறு. கிளோட்ரிமசோல் களிம்பைத் தினம் இருவேளை, குணமான பிறகும் ஓரிரு வாரம் தடவ வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு உடனே அரிப்பை அடக்கும், ஆனால் பூஞ்சையை வளர்த்துவிடும். வேலை முடிந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துவது மருந்துக்கு நிகரானது.

கேள்வி: முள் குத்தினால் எருக்கம்பால் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான இடுக்கியால் முள்ளை எடுக்க வேண்டும். சாணம், மண் பூசக் கூடாது. தனுர்வாதத் தடுப்பூசி போட்டு வெகுநாள் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். சில நாள் கழித்தும் வலித்தால் உள்ளே துண்டு தங்கியிருக்கலாம்.

கேள்வி: உள்ளங்காலில் புண், ஆனால் வலியே இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். உடலில் உணர்ச்சியற்ற வெளிர் அல்லது சிவந்த படை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குக் கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 6 முதல் 12 மாதங்களில் குணமாகும். புண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ, நாற்றம் வீசினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்க, தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைச் செயல்படுத்துகிறது. மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது, 'காலையும் பாருங்கள்' என்று செருப்பைக் கழற்றிக் காட்ட வேண்டும். சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.